பாதியில் விட்டதெல்லாம் திரும்பிப் போகும் ஊர்

ஐப்பசி பிறந்த ஒரு நண்பகலில், கரிசல்மேட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய டிரான்ஸ்பார்மரின் மேல் இடி விழுந்து, ஊர் முழுக்கக் கரண்ட் போய், ஒருவாய் வெற்றிலை மென்று துப்பும் நேரத்தில் திரும்பி வந்தபோது, பாதி வெந்திருந்த சோறு அரிசி வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்து கிடந்தது, பாதி மழித்த தாடி முழுதாக முளைத்து நின்றது, தீப்பெட்டி ஆபீஸில் பாதி அடுக்கிய குச்சிகள் கூடைக்கே திரும்பியிருந்தன, ஓடைப் பாலத்தைப் பாதி கடந்திருந்த டவுன் பஸ் நிலையத்தில் அதே இடத்தில் அதே ஆட்களோடு உறுமிக்கொண்டிருந்தது. முடிந்துபோயிருந்த காரியங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. குடித்து முடித்த டீ வயிற்றிலேயே இருந்தது, பாதி குடித்த டீ பாய்லருக்குப் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் இதில் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மின்வாரியத்துக்குப் போன் போட்டு, இன்னொரு தடவை சோறு வடிக்க கேஸ் செலவை யார் கொடுப்பது என்று கேட்டார்கள். வோல்டேஜ் கூடினால் குறைந்தால் மட்டும் தங்களிடம் கேட்கலாம், சோறு தங்கள் பொறுப்பில் வராது என்று அங்கே இருந்தவர் சொல்லிவிட்டார். அது நியாயமான பதில்தான் என்று ஊரும் ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு எப்போது கரண்ட் போய் வந்தாலும் இதேதான் நடந்தது. அந்த ஊரில் கரண்ட் எப்போதும் போகும்.

ஞானசிகாமணிக்கு அந்த முதல் நாள் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணினிப் பொறுப்பாளர், ஐம்பத்து நான்கு வயது, பேருக்கு ஏற்ற ஞானம் தனக்கு உண்டு என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டும், அந்த நம்பிக்கைக்காக வாரம் ஒருமுறை தனியே உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டும் வாழ்ந்தவர். எதையும் யோசித்துத்தான் செய்வார் என்று ஊரில் பெயர். யோசிப்பது வரைக்கும்தான் செய்வார் என்பது அவர் மனைவி மரகதவல்லிக்கு மட்டும் தெரிந்திருந்தது. இடி விழுந்த நேரத்தில் தலையில் பாதிக்குச் சாயம் பூசி வெயிலில் உட்கார்ந்திருந்தவர், கரண்ட் வந்ததும் முழு வெள்ளைத் தலையோடு எழுந்தார். மொட்டை மாடியில் பல வருஷமாகத் துருப்பிடித்த கம்பிகளோடு நின்ற மேல்மாடித் தூண்கள் காணாமல் போய், வாசலில் செங்கல்லும் மணலும் அன்றைக்குத்தான் லாரி கொட்டிவிட்டுப் போனதுபோலக் குவிந்து கிடந்தன. அலமாரியில் அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களிலெல்லாம் அடையாளச் சீட்டு முதல் பக்கத்துக்கு வந்திருந்தது. அஞ்சல்வழியில் பாதி படித்து நிறுத்திய பட்டமேற்படிப்பு, தட்டில் கிடந்த விண்ணப்பத்தாளாக மாறியிருந்தது, அதுவும் பூர்த்தி செய்யப்படாமல்.

மரகதவல்லி வாசலில் நின்று அந்தக் குவியலைப் பார்த்தாள். வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "உங்க ஆயுசையே அள்ளிட்டு வந்து வாசல்ல தட்டிட்டுப் போயிருக்கு, நல்லா பாத்துக்கிடுங்க" என்றாள். அவள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாளை ஒரே மூச்சில் திருத்தி, கட்டி, ஒப்படைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். அவளுடைய பொருள் ஒன்றுகூட இடம் மாறவில்லை.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. பொருள்தான் பழைய இடத்துக்குப் போகும், நினைப்பு போகாது, பேசிய பேச்சும் போகாது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு காரியத்தைத் தொடங்கும்போது இன்னதைச் செய்யப்போகிறேன் என்று ஒருவர் காதில் போட்டுவிட்டு, முடிந்ததும் "ஆச்சு" என்று அவர் காதிலேயே சொல்லிவிட்டால் அது நிலைத்துவிடும் என்பது அதற்கடுத்த வாரம் தெரிந்தது. வெறுமனே நிலைப்பது மட்டுமில்லை. கோலம் போட்டு ஆச்சு என்று எதிர்வீட்டுக்குச் சொன்ன பிறகு மழை வந்து அழித்துவிட்டுப் போனாலும், கரண்ட் போய் வந்ததும் கோலம் புள்ளி பிசகாமல் வாசலில் இருந்தது. அதனால் தெருவெல்லாம் இதே பேச்சாயிற்று. உலை வைக்கப் போறேன், ஆச்சு. ரவிக்கைக்குக் கை வெட்டப் போறேன், ஆச்சு. குளிக்கப் போகிறவர்கள் குளியலறைக் கதவுக்கு வெளியே யாரையாவது நிறுத்தி வைத்தார்கள், பாதிக் குளியலில் கரண்ட் போனால் சோப்பு சோப்புப்பெட்டிக்கும் அழுக்கு உடம்புக்கும் திரும்பிவிடும் என்பதால்.

நாடார் மண்டபத்தில் ஒரு கல்யாணம், இரண்டாம் முடிச்சுக்கும் மூன்றாம் முடிச்சுக்கும் நடுவில் கரண்ட் போய்விட்டது. மணப்பெண் மணவறையில் இல்லை, அலங்கார அறையில் தலைக்கு ஈரத்துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். பந்தியில் பாயசம் வரைக்கும் வந்தவர்கள் பசியோடு வாசலில் நின்றார்கள், இலையெல்லாம் கட்டுக்குள் போயிருந்தது. மணப்பெண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மறுபடி அலங்காரம் வேண்டாம், மாப்பிள்ளை மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஊரில் முடிச்சுப் போடுபவர்கள் வேகமாகப் போடக் கற்றுக்கொண்டார்கள். வார்டு கவுன்சிலர் இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த வாய்க்கால் பழைய புழுதியாகிவிட்டது, அதன் திறப்புவிழாப் பேச்சு மட்டும் முழுதாக முடிந்திருந்ததால் கரண்ட் வரும்போதெல்லாம் அந்த இடத்தில் காற்றில் கேட்டது.

இதையெல்லாம் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று மண்டபத்தில் கூட்டம் போட்டு ஞானசிகாமணியைக் கூப்பிட்டார்கள். அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மேடை அது. வெள்ளைத் தலையைச் சீவிக்கொண்டு போய்ச் சொன்னார். சங்கத்துக் கணினியும் இப்படித்தான். பால் கணக்கை மாற்றுவதற்கு முன்னால், மாற்றப்போவதைத் தனியாக ஒரு பதிவில் எழுதிக்கொள்ளும். மாற்றி முடித்ததும் முடிந்தது என்று ஒரு வரி சேர்க்கும். நடுவில் கரண்ட் போய்விட்டால் அதற்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்றில்லை, கரண்ட் வந்ததும் அந்தப் பதிவை முதலிலிருந்து படிக்கும். முடிந்தது என்று இருப்பதெல்லாம் அழிந்துபோயிருந்தாலும் திரும்பச் செய்து நிறுத்தும். முடிந்தது என்ற வரி இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்து, தொடங்குவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி வைத்துவிடும். பாதிக் கணக்கு என்று ஒன்றை அது உலகத்தில் விட்டுவைக்காது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், வந்து, நாற்காலிகள் மடங்கிச் சுவரோரம் போய், அவர் மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மறுபடி ஏறினார். மறுபடி போயிற்று. மூன்றாம் முறை ஏறியபோது முன்வரிசைப் பெண்கள் அவருக்கு முன்பே ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி முடித்து, "ஆச்சு சார், இறங்குங்க" என்றார்கள்.

இப்படி ஊரே ஒழுங்காகிக்கொண்டு வந்த கார்த்திகையில்தான் மரகதவல்லிக்கு உத்தரவு வந்தது. வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இதற்கு முன்னால் இப்படி வந்ததை அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஞானசிகாமணி போகாதே என்று சொன்னதால் இல்லை, போ என்று சொல்லாததால். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். இந்த முறை அவள் அவரிடம் கேட்கவில்லை. அங்கே ஒரு வீடு பார்த்தாகிவிட்டது என்றும், விடுமுறைக்கு விடுமுறை வருவேன் என்றும், ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்றும் சொன்னாள்.

முதல் பயணம் ஒரு திங்கட்கிழமை. பெட்டியோடு வாசலில் நின்று, "போய்ட்டு வாரேன்" என்றாள். ஞானசிகாமணி செல்போனில் எதையோ படித்துக்கொண்டே "ம்" என்றார். அந்த "ம்" அவருக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒன்று. பெண் பிறந்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் அதைத்தான் சொன்னார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போய் வந்தது. அடுப்படியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். மரகதவல்லி காலையில் போட்டிருந்த நைட்டியோடு, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பெட்டி பரண்மேல் இருந்தது, அதற்குள் இருந்த சேலைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"கயத்தாறு வந்துருச்சு. பக்கத்துல ஒரு அம்மா வேர்க்கடலை உரிச்சுக் குடுத்தாங்க" என்றாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

இரண்டாம் முறையும் கயத்தாற்றுக்கு முன்னாலேயே திரும்பி வந்தாள். ஊரில் பேச ஆரம்பித்தார்கள். ஏனென்றால் வேறு யாரும் இப்படித் திரும்பவில்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள், சந்தைக்குப் போனவர்கள் சந்தைக்குப் போனார்கள், துபாய்க்குப் போனவன்கூட துபாயிலேயே இருந்தான். டீச்சருக்கு மட்டும் ஏன் என்று கேட்டு, டீச்சருக்குப் போக மனசில்லை என்று அவர்களே பதிலும் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அது அவள் காதுக்கும் வந்தது. அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒருவேளை எனக்கே இஷ்டம் இல்லையோ என்னமோ" என்றாள். கணக்கில் ஒரு விடையும் ஒருவேளை என்று சொல்லிப் பழகாதவள்.

ஞானசிகாமணிக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதைப் பிற்பாடு அவர் பல கோணங்களில் ஆராய்ந்து, அதற்குப் பயம், பழக்கம், அன்பு என்று பல பேர் வைத்துப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை, சந்தோஷம்தான்.

காரணம் அவருக்குத் தெரிந்தது அந்த வாரக் கடைசியில், மேலத்தெரு செல்லையா நாயக்கர் சாகும்போது. கிழவர் ஐப்பசியிலிருந்து செத்துக்கொண்டிருந்தார். பாதி போகும்போதெல்லாம் கரண்ட் போய், வந்ததும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார். மகன்கள் முதலில் மகிழ்ந்து, பிறகு விடுப்பு தீர்ந்து, பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஞானசிகாமணி பார்க்கப் போயிருந்தபோது கிழவர் கட்டிலில் சாய்ந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "எத்தனை தடவைலே சொல்லுதது, போய்ட்டு வாரேன்னு. ஒரு பயலாவது சரின்னு சொல்லுதீகளா" என்று வைதார். மகன்கள் அழுதார்கள், சொல்லவில்லை. மூத்த மருமகள்தான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்து, "சரி மாமா, போய்ட்டு வாங்க" என்றாள். கிழவர் போனார். அதன் பிறகு கரண்ட் மூன்று தடவை போய் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஞானசிகாமணி வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவைக் கவனித்தார். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் போய்ட்டு வாரேன் என்றார், உள்ளேயிருந்து, அடுப்படியிலிருந்து, மாட்டுக்கொட்டிலிலிருந்து, கழிவறையிலிருந்துகூட ஒரு குரல், போய்ட்டு வா என்றது. போகிறவர் சொல்லுவது பாதி, இருக்கிறவர் சொல்லுவது மீதி. காலங்காலமாக எல்லாரும் மறக்காமல் சொல்லி வந்ததால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொல்லாத வீடு கரிசல்மேட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதன் வாசலில் செங்கல் குவிந்து கிடந்தது.

தெரிந்ததை அவர் சொல்லவில்லை. யோசித்தார்.

மரகதவல்லி அவரிடம் நேராகவே கேட்டாள், நீங்கள்தானே இதைப் படித்தவர், நான் எதையோ செய்யாமல் விடுகிறேன், அது என்ன என்று. தூரம் ஒரு காரணமாக இருக்கலாம், பஸ் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் நெடுநேரம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்றாம் முறை விடியற்காலை ரயிலில் போனாள், கரண்ட் போவதற்கு முன்னால் திருநெல்வேலியைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு. அன்றைக்கு ஞானசிகாமணி பல் விளக்காமல் துணை மின்நிலையத்துக்குப் போனார். அங்கே லைன்மேன் அந்தோணிராஜ் தினத்தந்தியை விரித்து வைத்திருந்தான். பராமரிப்பு என்று சொல்லிக் கொஞ்சநேரம் நிறுத்திப் போட முடியுமா, சங்கத்துக் கணினியில் ஒரு சோதனை செய்ய வேண்டும் என்றார்.

அந்தோணிராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தான். "டீச்சர் இன்னைக்குத்தானே போறாங்க அண்ணாச்சி" என்றான்.

ஞானசிகாமணி ம் என்றார்.

அவன் வேறொன்றும் கேட்காமல் சுவிட்சை இழுத்துவிட்டான். ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் இன்னொரு ஆணின் கோழைத்தனத்துக்கு உதவி செய்வது சுலபமாக இருக்கிறது. ஞானசிகாமணி வீடு திரும்பியபோது அவள் அடுப்படியில்தான் இருந்தாள். பரணில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டில் அவருக்கு மூன்று தோசை இருந்தது, சட்னியும் இருந்தது. அவருக்கு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மூன்றையும் சாப்பிட்டார்.

மாத முடிவு வந்தது. அன்று மாலைக்குள் வள்ளியூரில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் காலையில் குளித்து, பெட்டியை இறக்கி, நான்காவது முறையாக அதே சேலைகளை அடுக்கினாள். வாசல்வரை போய் நின்றாள். அவர் நாற்காலியில், செல்போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். திரை அணைந்திருந்தது.

"இன்னைக்கும் கொண்டாந்து விட்டுச்சுன்னா பெட்டியப் பிரிச்சு வச்சுட்டு உக்காந்துருவேன். இனிமே எடுக்கமாட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசமாக இருந்தது. "உங்களுக்கு நேரா உக்காந்து சாப்பிடுவேன். சீரியல் பாப்பேன். நீங்களும் இவ இருந்துட்டான்னு நெனச்சுக்கிடுவீங்க."

பிறகு வழக்கம்போல, "போய்ட்டு வாரேன்" என்றாள்.

ஞானசிகாமணிக்கு அவள் சொன்ன அந்தப் பெண்ணைத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து, சோறு போட்டு, ஒருவேளை என்று பேசுகிற ஒருத்தி. நாள்தோறும் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ம் என்ற சத்தம் பழக்கத்தில் தானாக வந்தது, அதை விழுங்கினார். அடுத்து ஓர் இருமல் வந்தது. அவள் ஒரு படி இறங்கிவிட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தொண்டையில் கிடந்த சொல் என்பதால் துருவும் சளியுமாகத்தான் வெளியே வந்தது.

"போய்ட்டு வா, மரகதம்."

அவள் திரும்பினாள். எதிர்வீட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவளும் நிமிர்ந்தாள், அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. மரகதவல்லி அவரை ஒரு கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக. விடை எந்த வரியில் பிசகியது என்று கண்டுபிடித்துவிட்டது அவள் முகத்தில் தெரிந்தது.

"இதுதானா?"

"இதுதான்."

"எப்பத் தெரியும்?"

"நாயக்கர் சாவுல."

அப்படியென்றால் மூன்றாம் முறை என்று அவள் உதடு அசைந்தது. அவர் துணை மின்நிலையம் என்று தொடங்கினார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். திட்டுவாள் என்று பார்த்தார், அழுவாள் என்று பார்த்தார். அவள் பெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"வந்து பேசிக்கிடுதேன்" என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதில் அடியும் இருந்தது, வருவேன் என்பதும் இருந்தது. அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார், அவர் அப்படி நின்றதில்லை என்பதால் செருப்பில்லாமல் வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது, மணல் உறுத்தியது.

அன்றைக்குக் கரண்ட் போகவே கூடாது என்று அவர் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை, கேட்க யோசித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. மின்விசிறி மெல்ல நின்றது. தெருவில் யாரோ ஆச்சு ஆச்சு என்று அவசரமாகச் சொன்னார்கள். அவர் கூடத்தின் நடுவில் நின்றார், பரணைப் பார்க்கவும் பயம், அடுப்படியைப் பார்க்கவும் பயம் என்பதால் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று ஒரு மனசு கேட்டது. அந்த மனசும் தன்னுடையதுதான் என்பதை மறுக்க அவரால் முடியவில்லை. சொன்னது சரியாகச் சொன்னோமா, முழுதாகச் சொன்னோமா, இருமல் சேர்ந்ததால் செல்லாமல் போயிருக்குமா என்று இன்னொரு மனசு கேட்டது.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. அடுப்படியில் சத்தம் இல்லை. பரண்மேல் பெட்டி இருந்த இடத்தில், பெட்டி அளவுக்குத் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்த நேரம் போன் அடித்தது.

"அங்க கரண்ட் போச்சா?" பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"போச்சு. வந்துருச்சு."

"நான் பஸ்லதான் இருக்கேன்."

"தெரியும்."

"கயத்தாறு தாண்டியாச்சு." அவள் குரல் அவருக்குத் தெரியாத ஒரு குரலாக இருந்தது, பதினெட்டு வயதில் அப்படிப் பேசியிருப்பாளோ என்னவோ, அப்போது அவர் அவளைப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். சாலையோரத்துப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைபோல ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு கல்குவாரி, ஒரு பரோட்டாக் கடை, பேர் தெரியாத ஒரு மாதா கோயில். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். கங்கைகொண்டான் என்றாள், சரி என்றார். காற்றாடிகள் என்றாள், சரி. தாழையூத்து, சிமெண்ட் ஆலைப் புகை, சரி. அவர் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். இனி ஒவ்வொரு மாலையும் இந்தக் கட்டிலில் இப்படித்தான் உட்கார வேண்டியிருக்கும் என்பதும், அதில் பல மாலைகளில் போன் அடிக்காது என்பதும் அவருக்குப் புரிந்தது.

"பாலம் வந்துருச்சு" என்றாள். "ஆத்துல தண்ணி போகுது."

அவர் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினார்.

"எவ்வளவு தண்ணி?" என்று கேட்டார்.

அவர் எதையாவது கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். பிறகு ஜன்னலோரம் நகர்ந்து, பாலம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல, கரையிலிருந்து கரைக்கு எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள்.